சொம்போவுக்கு ஒரு சாலை

மந்திரி நடந்து வந்தார். முழங்கால் வரை சேறு. தலைநகர் லிலோங்வேயிலிருந்து வந்த கார் பாலத்துக்கு அந்தப் பக்கமே சிக்கிக்கொண்டதாம்.

“நடக்கட்டும். ஒரு நாளாவது நடக்கட்டும்,” என்றாள் லுசுங்கு, எல்லார் காதிலும் விழும்படி.

பாடிக்கொண்டிருந்த சர்ச் பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள்.

வீட்டுக்குள்ளே அவளுடைய அம்மா திவோங்கேயின் சவப்பெட்டி. முந்தாநாள் திடீரென்று மூச்சுத்திணறல். இந்தப் பாதையில் ஆம்புலன்ஸ் வராது. மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். பாலத்துக்கு முன்னால் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. எட்டுப் பேர் தள்ளி வண்டி மேலேறியபோது, லுசுங்கு பிடித்திருந்த அம்மாவின் கை சில்லிட்டுப் போயிருந்தது.

ஆஸ்பத்திரி வெறும் பதினாறு கிலோமீட்டர்.

மந்திரி மபோபா கும்வெண்டா அவளுக்குச் சொந்தச் சித்தப்பா. இதே சொம்போவில் பிறந்தவர். முதலில் எம்.பி., அப்புறம் விவசாயத்துக்குத் துணை மந்திரி, இந்த நாலு வருஷமாகச் சாலைத் துறையே அவர் கையில். தொகுதியில் எல்லா ஊருக்கும் சாலை வந்துவிட்டது, சொம்போவைத் தவிர.

“ஒவ்வொரு பதவிக்கும் மாடு வெட்டி விருந்து வச்சோம்,” என்றாள் பக்கத்து வீட்டு எஸ்நாத். “தின்னுட்டுப் போனதோட சரி.”

மபோபா லுசுங்குவின் எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

“லுசுங்கும்மா, அண்ணி...”

“எந்த அண்ணி? தாயில்லாப் பிள்ளைன்னு உங்களுக்கு நிசிமாக் களி கிளறிப் போட்டு வளர்த்தாங்களே, அந்த அண்ணியா?”

அவர் தலை குனிந்தார்.

“துணை மந்திரியா இருந்தப்போ, ‘ரோடு அவன் கையில இல்லடி’ன்னு அம்மாவே சமாதானம் சொன்னாங்க. இப்ப ரோடே உங்க கையில. அப்புறம் எது சித்தப்பா தடுத்துச்சு?”

கூட்டம் அவர் வாயையே பார்த்தது.

அவர் கண் ஒரு கணம் ஆண்கள் பக்கம் போனது. அங்கே ஓரமாக அவளுடைய அப்பா ரூபன் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். முந்தாநாளிலிருந்து யாரையும் நிமிர்ந்து பார்க்காதவர்.

“என் தப்புதாம்மா,” என்றார் மபோபா. “நான் போட்டிருக்கணும்.”

“இதச் சொல்லத்தான் லிலோங்வேலருந்து வந்தீங்களா? பெட்டியை நீங்க தொடக் கூடாது. தள்ளி நில்லுங்க.”

மந்திரி எழுந்து வேலியோரம் போய் நின்றார். அவரைப் பார்த்து யாரோ காறித் துப்பினார்கள். அதையும் அவர் பார்க்காத மாதிரி நின்றார்.

பெட்டி கிளம்பியது. அவர் கடைசி ஆளாகத் தனியே நடந்தார். குழி மூடி எல்லாரும் கலைந்த பிறகு ஒரு பிடி மண் போட்டுவிட்டு, வந்த வழியே சேற்றில் இறங்கிப் போனார்.

சாயங்காலம் லுசுங்கு அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள்.

“குடிங்கப்பா. இனிமே அந்த ஆளு இந்த வாசலை மிதிக்கக் கூடாது. அம்மாவைக் கொன்னது அவர்தான்.”

ரூபன் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

“அவனைச் சொல்லாதம்மா.”

“தம்பியாச்சே, விட்டுக் குடுப்பீங்களா?”

“எம்.பி. ஆன உடனே நம்ம ஊருக்கு ரோடு போடட்டுமான்னு வந்து கேட்டான். துணை மந்திரியானதும் கேட்டான். சாலைத் துறை கிடைச்சப்போ வரைபடத்தையே கொண்டு வந்து விரிச்சான். ‘ரூபன் தம்பியை வச்சு ரோடு போட்டுக்கிட்டான்னு ஒருத்தன் பேசினாலும் என்னால தலை நிமிர முடியாது. மத்த ஊரெல்லாம் முடிச்சிட்டு வா’ன்னு மூணு தடவையும் திருப்பி அனுப்பினது நான்தான். கடைசி ஊர் வேலை முடிஞ்சே ஒரு மாசம்தான் ஆச்சு.”

அத்தனை பேர் நடுவே மண்ணில் உட்கார்ந்திருந்த சித்தப்பா லுசுங்குவின் கண்ணுக்குள் நின்றார்.

“அப்ப ஏம்ப்பா நீங்க சும்மா உட்கார்ந்திருந்தீங்க? நான் அவரை அப்படிப் பேசுறேன், கேட்டுக்கிட்டே இருந்தீங்களே.”

ரூபன் முகத்தை மூடிக்கொண்டார்.

“நேத்தே போன்ல சொல்லிட்டான்மா. ‘அவ யாரையாவது திட்டித்தான் ஆகணும்னா, என்னையே திட்டட்டும். அம்மாவை இழந்துட்டாளே, அப்பாவையும் இழந்துடக் கூடாது’ன்னு.”