ஏறி இறங்கும் முள்

அக்காவின் டர்போ காரில் ஒரே வாரத்தில், இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் ஓடும் கூலன்ட் ஹோஸ்கள் மூன்று வெடித்துவிட்டன. மூன்றும் நான் மாட்டிய புது ஹோஸ்கள். என் மெக்கானிக் கடையில் நாலாவதை மாட்டி, ஆறிய ரேடியேட்டரில் கைப்பம்பால் காற்றடித்தேன். கசிவு இருந்தால் பம்பின் அழுத்த மீட்டரில் முள் இறங்கும், இல்லையென்றால் அப்படியே நிற்கும். இது ஏறியது. பிறகு இறங்கி, மறுபடி ஏறியது. இதென்ன கூத்து? இன்ஜினும் ஓடவில்லை, கார் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. வேறு மீட்டர் வைத்தேன். அதே கதைதான்.

“ஏன்டா திருதிருன்னு முழிக்கிற?” அக்கா ஹோஸை ஒட்டிக் குனிந்தாள்.

என்னமோ தோன்றி மூச்சை அடக்கினேன். முள் நின்றது. மூச்சை விட்டேன், இறங்கியது. இழுத்தேன், ஏறியது.

“அக்கா, மூணும் எத்தனை மணிக்கு வெடிச்சுது?”

“காலைல எட்டுக்கு. நீ கடையைத் திறந்து தும்மித் தள்ளுற நேரம்.”

சிரித்தாளே தவிர நிமிரவில்லை. எனக்கு மூக்கு அரிக்கத் தொடங்கியது.