காந்திமதி விலாஸ் சாம்பார்

"தூ! இது சாம்பாரா, அக்கா? மாட்டுக்கு வச்ச கழனித்தண்ணி!"

கணேசபாண்டியன் தட்டைத் தள்ளிய வேகத்தில் பெஞ்செல்லாம் பருப்பு சிதறியது. தாராவியில் பேராச்சி நடத்தும் மெஸ் அது. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த தோல் ஷாப் ஆட்கள் தங்கள் தட்டைச் சந்தேகமாகக் குனிந்து பார்த்தார்கள்.

"மாதுங்காவில காந்திமதி விலாஸ்னு ஒரு சாப்பாட்டுக் கிளப் இருந்துதே! சாம்பார் கொதிச்சா ஸ்டேஷன் வரைக்கும் மணக்கும். அத ருசிச்ச நாக்குல இது எறங்குமா?"

பேராச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் போன பிறகு இந்த அடுப்புதான் அவளுக்குக் கதி. இந்த மனுஷன் தினமும் போடும் கூச்சலில் பாதிப் பேர் அடுத்த சந்து மெஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். மிச்சப் பேரும் போனால் அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

"அவ்வளவு நல்ல கிளப்ப எதுக்கு அண்ணாச்சி மூடினாங்க?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சனங்க வரத்து நின்னு போச்சு. ருசி தெரியாத பயலுவ! காலிபீலி வெட்டிப்பேச்சு பேசிட்டு நிக்காம மோர ஊத்துங்க."

'இரு, உன் வாயை அடைக்கிறேனா இல்லையா பார்' என்று கறுவிக்கொண்டாள் பேராச்சி. விசாரித்து விசாரித்து, காந்திமதி விலாஸில் சமையல் பார்த்த சரக்கு மாஸ்டர் பிரம்மநாயகத்தைக் கோவண்டியில் கண்டுபிடித்தாள். தன் அடுப்பில் இன்னொருவர் கரண்டி பிடிப்பதா என்று வயிறு எரியத்தான் செய்தது. என்ன செய்ய, கையைக் காலைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டாள்.

மறுநாள் சாம்பார் அவர் கைப்பக்குவம். பேராச்சி யாரிடமும் மூச்சு விடவில்லை. கணேசபாண்டியன் மூன்று தரம் வாங்கி ஊற்றிக்கொண்டு, விரலையும் நக்கினான்.

"எப்படி அண்ணாச்சி இருக்கு?"

"தூ! காந்திமதி விலாஸ் சாம்பாரோட கால் தூசிக்குக் காணுமா இது?"

மாட்டினான்! பேராச்சிக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"பிரம்மநாயகண்ணே, வெளிய வாங்க! ஏ அண்ணாச்சி, காந்திமதி விலாஸ் சரக்கு மாஸ்டரே நிக்காரு, கண்ணத் தொறந்து பாரும்! நீரு துப்புனது அவர் வச்ச சாம்பாரு!"

மெஸ்ஸே கொல்லென்று சிரித்தது. கணேசபாண்டியன் தட்டைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பிரம்மநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தார்.

"அண்ணே! எங்க போறீங்க?" பேராச்சி பதறினாள்.

"இந்தாளு வர்ற இடத்துல எனக்கு வேலை வேண்டாம் தாயி. எங்ககிட்டயும் தினம் வந்து தின்னுட்டு, அதுக்கு முந்தி இருந்த கடை மாதிரி வருமான்னுதான் கத்துவாரு."

"அதுக்காக?"

"எங்க கிளப்ப மூட வச்சதே இந்த வாய்தான்!"