ஒற்றை எஞ்சின்

கடல்விமானம் மறுபடியும் இடப்பக்கமாக விலகியது.

ஜேசுபாதம் லாஞ்சை நிறுத்தினார். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே அவர் விட்டுவிட்டார்.

தூத்துக்குடித் துறைமுகத்தின் லாஞ்சை ஓட்டுகிற சிராங்கு அவர். வெளிக்கடலில் வந்து இறங்கிய விமானத்துக்கு முன்னால் போய், நங்கூரமிட்டு நிற்கும் தோணிகளுக்கு நடுவே வழிகாட்டி, முயல்தீவின் மறைவுக்குக் கூட்டிவர வேண்டும் என்பது உத்தரவு. விமானத்துக்குள் யாருக்கோ உடம்பு சரியில்லையாம். யுத்தகாலம். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கென்று வேம்பாரிலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் காப்பியை வைத்துவிட்டு மனைவி இசபெல்லா என்ன சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ தெரியவில்லை.

அவர் திரும்பிப் பார்த்தார்.

இறக்கையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின்கள். வலப்பக்கத்து விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்து விசிறி சும்மா நின்றது. ஒரு பக்கமாகவே தள்ளினால் எதுவும் நேராக வராது. மூக்கு விலகுவதும், விமானி அதை மெல்லத் திருப்பிக்கொண்டு வருவதும், லாஞ்சு காத்து நிற்பதுமாகப் பொழுது போயிற்று.

இடப்பக்கத்து எஞ்சின் பழுதா என்று கேட்டார்.

இங்கிலீஷ் பேசுவதற்காக ஆபீசிலிருந்து அனுப்பப்பட்டிருந்த குமாஸ்தா தேவபிரசாதம், பழுதெல்லாம் இல்லை என்றார். தண்ணீரில் ஓட ஒன்றே போதும், இன்னொன்றை அணைத்து வைத்தால் பெட்ரோல் மிச்சம் என்று விமானி சொன்னாராம்.

ஜேசுபாதத்துக்குப் பொறுக்கவில்லை.

"சீக்காளிய உள்ள வச்சிக்கிட்டு எவனாவது பெட்ரோல மிச்சம் பிடிப்பானாய்யா? அவன் வீட்டு ஆளா இருந்தா இப்படித்தான் ஊர்ந்து வருவானா?"



ஜேசுபாதம் எழுந்து நின்று, இன்னொன்றையும் ஓட்டு என்று விமானிக்குக் கைச்சாடை காட்டினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தலை, முடியாது என்று ஆடியது. மறுபடியும் காட்டினார். விமானி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கஞ்சப் பயல் என்று முணுமுணுத்துக்கொண்டே லாஞ்சைக் கிளப்பினார்.

தீவின் மறைவில் ஆஸ்பத்திரி ஆட்கள் ஒரு வள்ளத்தில் காத்திருந்தார்கள். விசிறி நின்றிருந்த பக்கமாக வள்ளத்தை அணைத்தார்கள். விமானத்தின் கதவு திறந்தது.

ஒருவனை இறக்கினார்கள். பிறகு இன்னொருவனை. பிறகும் இறக்கிக்கொண்டே இருந்தார்கள். எல்லாரும் கப்பல்காரர்கள். உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய், அதற்கடியில் தோல் வெந்து உரிந்திருந்தது. கடைசியாக வந்தவன் கதவைப் பிடித்த பிடியை விடவில்லை. கடலைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னான். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

விமானி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி தேவபிரசாதத்திடம் பேசினார். 

தேவபிரசாதம் அதைத் தணிந்த குரலில் ஜேசுபாதத்திடம் சொன்னார். கப்பல் குண்டுபட்டு மூழ்கிவிட்டது. விமானத்தில் இடம் பற்றாததால் எரிந்துபோனவர்களை மட்டும் ஏற்றி வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் நடுக்கடலில் பலகைகளைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறார்கள். இருட்டுவதற்குள் திரும்பி வருவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். விமானத்துக்கு ஊற்றுகிற பெட்ரோல் தூத்துக்குடியில் கிடையாது. டாங்கில் இருப்பதை வைத்துத்தான் போய்த் திரும்ப வேண்டும். அதுவே போதுமா என்பது சந்தேகம்.

ஜேசுபாதம் நிமிர்ந்து பார்த்தார். வலப்பக்கத்து விசிறி அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் லாஞ்சின் பின்பக்கம் போய் இழுவைக் கயிற்றை அவிழ்த்தார்.

"ஐயா, அந்த ஒண்ணையும் அணைக்கச் சொல்லுங்க. தோணியெல்லாம் தாண்டுற வரைக்கும் நான் இழுத்துட்டுப் போறேன்."

தேவபிரசாதம் அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் கயிறு விமானத்தின் மூக்கில் போய் விழுந்திருந்தது.