குருமூர்த்தி மேல் ஒரு பிராது

"குரு, உன் மேல பிராது கட்டிட்டாங்கடா!"

ஆட்டோ ஜெயராஜ் வாசலில் நின்றபடியே இப்படிச் சொன்னதும், குருமூர்த்திக்கு வாயில் இருந்த இட்லி உள்ளே இறங்கவில்லை.

"யாருடா?"

"நம்ம அமிர்தம் டீச்சர்தான். காலையில என் வண்டியிலதான் மணவாளநல்லூர் போயிட்டு வந்தாங்க. உன் வூடு எந்தத் தெரு, அப்பா பேரு என்னன்னு வழியெல்லாம் ஒரே விசாரணை. கொளஞ்சியப்பர் கோயில்ல உன் பேர எழுதிச் சீட்டு கட்டினத என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

விருத்தாசலத்துக்காரனுக்குக் கோர்ட்டு நோட்டீஸ் வந்தால்கூடத் தூக்கம் வரும். கொளஞ்சியப்பரிடம் பிராது போனால் வராது. கோர்ட்டில் வாய்தா வாங்கலாம். சாமியிடம் எப்படி வாங்குவது? எதிராளி வீடு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு, சாமி வந்து விசாரிக்கிற வழிச்செலவையும் சேர்த்தல்லவா கட்டச் சொல்கிறார்கள்!

குருமூர்த்தி எட்டு வருஷம் பீங்கான் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். வீடுகளில் மின்சாரக் கார் சார்ஜர் மாட்டித் தருகிற தொழிலைச் சொந்தமாக ஆரம்பித்து நாலே மாசம்தான் ஆகிறது. மங்கலம்பேட்டையில் ஆறு வீட்டுக்குப் பேசி வைத்திருக்கிறான். பிராது வாங்கினவன் என்று பேர் கிளம்பினால் ஆறும் கோவிந்தா.

மனைவி துர்கா இடுப்பில் கை வைத்தாள். "ஏங்க, டீச்சர் வூட்டுல சார்ஜர் மாட்டினப்போ, ரேட்டு சீட்டுல எழுதினத மீறி ஏதாவது வாங்கினீங்களா?"

"அட, இல்லடி! எதெது ரேட்டுல சேரும், எதெது சேராதுன்னு வரி வரியா எழுதி, கையெழுத்து வாங்கிட்டுதான் சுவத்துல துளையே போட்டேன். ஒயரு பத்து மீட்டர் வரைக்கும் ரேட்டுல அடக்கம். அங்க பதினாலு ஆயிடுச்சி. மிச்ச நாலுக்குத் தனியா வாங்கினேன்."

"சண்ட போட்டாங்களா?"

"ஒரு மணி நேரம்! நான் வேணும்னே சுத்தி வளைச்சி இழுத்துட்டேன்னு அவங்களே டேப்பு புடிச்சி அளந்தாங்க. அக்கம்பக்கத்து ஆளுங்கள வேற கூப்புட்டு, 'பாருங்க, பகல் கொள்ளை'ன்னாங்க."

"அப்போ அதான். அந்தக் காசக் கொண்டு போயி மூஞ்சில வீசாத குறையா குடுத்துட்டு வாங்க. நாலு மீட்டரு ஒயரா, நம்ம மானமா?"

நியாயமாக வாங்கின காசு அது. ஆனாலும் குருமூர்த்தி எண்ணி எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

டீச்சர் வீட்டு வாசலில் கார் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே டீச்சர். அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"டீச்சர், இந்தாங்க நாலு மீட்டர் காசு. தயவு பண்ணி பிராத வாபஸ் வாங்கிடுங்க. நான் புள்ளகுட்டிக்காரன்."

"காச உள்ள வை தம்பி. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு." குரலில் காரம் துளியும் குறையவில்லை. "மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு டப்பா மாட்டினியே, அது உன் சீட்டுல எழுதியிருந்துச்சா?"

"இல்ல டீச்சர்."

"அதுக்கு ரேட்டு என்னன்னு கேட்டேன். என்ன சொன்ன?"

"சார்ஜரோட சேர்ந்ததுன்னு..."

"பொய்தான?"

"பொய்தான் டீச்சர்." "சார்ஜருக்குத் தனி லைனு, எல்லாம் பக்காவா குடுத்துட்டேன். ஆனா வூட்டு ஒயரிங்கு பழசு. நான் வேலை செய்யறப்போ உங்க பாப்பா ஈரக் கையோட போய் ஸ்விட்ச்சத் தட்டிட்டு ஓடுச்சி. எனக்கு மனசு கேக்கல. ரேட்டு சொன்னா வேணாம்பீங்க, அதான் கரண்டு கசிஞ்சா தானா நிறுத்துற அந்த டப்பாவ, சொல்லாம என் செலவுல மாட்டிட்டேன். அதுல ஏதாவது கோளாறுங்களா?"

டீச்சர் அந்த டப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"செவ்வாக்கெழம, சுடுதண்ணி ஹீட்டர பக்கெட்டுல போட்டுட்டு நான் போன் பேசப் போயிட்டேன். இளமதி போய்த் தண்ணிக்குள்ள கைய வுட்டுட்டா. ஹீட்டரு எங்கியோ வெடிப்பு வுட்டிருந்திருக்குது. பட்டுனு வூடு பூரா கரண்டு நின்னுபோச்சி. 'அம்மா, தண்ணி கடிச்சிடுச்சி'ன்னு கைய ஒதறிக்கிட்டு ஓடியாந்தா. உன்னக் கூப்புட வாய் வரல, வேற ஆளத்தான் கூப்புட்டேன். வந்தவரு பார்த்துட்டு, 'இந்த டப்பா இல்லன்னா இன்னிக்கு உங்களுக்குப் புள்ள இல்ல டீச்சர்'ன்னாரு."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கல்யாணமாகி பன்னெண்டு வருஷம் கழிச்சிப் பொறந்தவ தம்பி அவ."

"பாப்பா இப்ப நல்லா இருக்குதுங்களா?"

"உள்ள டிவி பார்த்துக்கிட்டு இருக்குறா."

அப்பாடா என்று இருந்தது குருமூர்த்திக்கு. ஆனால் ஒன்று மட்டும் புரியவில்லை.

"அப்புறம் எதுக்கு டீச்சர் என் மேல பிராது?"

"நாலு மீட்டரு ஒயருக்குத் தெருவையே கூட்டினவ நான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உன் வூட்டு வாசல்ல வந்து நிப்பேன்? பணமா நீட்டினா நீயும் வாங்க மாட்ட. அதான் கொளஞ்சியப்பர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"என்னன்னு?"

"'சாமி, இவரு செஞ்சதுக்கு நான் எதக் குடுத்தாலும் ஈடாகாது. நீயே நேர்ல போயி, இவரு வூட்டுல என்ன குறைன்னு விசாரிச்சி, தீர்த்து வச்சிட்டு வா'ன்னு."