ஆரிப்பின் தக்காளித் தோட்டம்

மறுபடியும் திரை கறுத்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, விளையாட்டு தானாக மூடிக்கொண்டது.

நஸ்லின் தலையில் கைவைத்துக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அப்டேட் என்று ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி அதை அமுக்கித் தொலைத்தாள். ஒரு வாரமாக இதே கதைதான்.

கணினி அவளுடைய அண்ணன் ஆரிப்புடையது. அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டை லினக்ஸில் ஓடவைப்பது அடுத்த வீட்டுப் பூட்டை நம் வீட்டுச் சாவியால் திறப்பது போல. ஆரிப் எப்படியாவது திறந்துவிடுவான். அப்படி ஒரு கிறுக்கு அவனுக்கு.

சேதராப்பட்டு கம்பெனியில் வேலை போன பிறகு அந்தக் கிறுக்கு முற்றிவிட்டது. எழுந்தால் இதன் முன்னால், படுத்தால் இதன் பக்கத்தில். ஒருநாள் மத்தியானம் கடையிலிருந்து வந்த அத்தா, இதைத்தான் தின்பாய் என்றால் இந்த வீட்டில் இனி உனக்குச் சோறு இல்லை என்று சொல்லிவிட்டார். அத்தா அக்பர் அலி, முல்லா வீதியில் யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷர். அன்றைக்கு மட்டும் உயர்த்தினார்.

ஆரிப் உடுத்திய துணியோடு போனான். போனை அணைத்தான். ஒரு வருஷம் ஆகப்போகிறது.

அம்மா ஜரினா சோறு தண்ணியை விட்டாள். நஸ்லின் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். தெரிந்த வாட்ஸப் குழுவிலெல்லாம் அண்ணன் படத்தைப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. செய்ய வேறு எதுவும் இல்லாமல், அவனும் அவளும் சேர்ந்து விளையாடிய தோட்டத்துக்குத் தினமும் போய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தோட்டம் இந்த விளையாட்டுக்குள், இணையத்தில் இருக்கிறது. எந்த ஊரிலிருந்தும், எந்தக் கணினியிலிருந்தும் அவரவர் பெயரில் நுழையலாம். இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் செடி வாடும். அதற்கு மேல் போனால் செத்துவிடும்.

ஒருநாள் காலையில் திறந்தபோது, அவள் ஊற்றுவதற்கு முன்பே மண் ஈரமாக இருந்தது. ஓரத்தில் 'ஆரிப் வந்து சென்றார்' என்று எழுதியிருந்தது.

அம்மா அன்றைக்குத்தான் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை. நஸ்லின் தூங்கி எழுவதற்குள் ஆரிப் எங்கிருந்தோ வந்து ஊற்றிவிட்டுப் போயிருப்பான். இராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறான் போல என்று நினைத்துக்கொண்டாள். குழுக்களில் போட்ட படங்களை நீக்கினாள். அண்ணன் நன்றாக இருக்கிறான், தேட வேண்டாம், கோபம் ஆறினால் வருவான் என்று ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது ஒரு வாரமாக அந்தச் செய்தியைப் பார்க்க முடியவில்லை, வீட்டில் வேறு கணினி இல்லை. அம்மா தட்டை மறுபடி தள்ளிவைக்கிறாள். இதில் வேடிக்கை அத்தாதான். இந்தப் பெட்டிக்கு ஜென்ம எதிரியாக இருந்தவர், கடைக்குப் போகும்போதும் வரும்போதும் சரியாயிடுச்சா, சரியாயிடுச்சா என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

லினக்ஸில் விளையாடுகிறவர்கள் கூடும் தளத்தில் நஸ்லின் கேள்வி போட்டிருந்தாள். ஒருவன் கிராபிக்ஸ் கார்டைக் குறை சொன்னான். இன்னொருவன் அவள் வைத்திருக்கும் லினக்ஸே மட்டம், தன்னுடையதுக்கு மாறு என்றான். பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள், அவளை மறந்தே போனார்கள். இன்று காலை, எந்த நாட்டுக்காரனோ ஒரு புண்ணியவான் ஒரே வரி எழுதியிருந்தான். கணினியை அணைத்துவிட்டு மறுபடி போடு, தொடங்கும்போது பழைய கர்னலைத் தேர்ந்தெடு.

அப்படியே செய்தாள். கர்னல்தான் லினக்ஸின் உயிர்நாடி; அப்டேட்டில் புதியது வந்தாலும் பழையதை அது தூக்கி எறிவதில்லை. பட்டியலில் அது இருந்தது.

விளையாட்டு திறந்தது. இசை கேட்டது. நஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மால்தான் பார்க்க முடியவில்லை, அண்ணன் வழக்கம்போல ஊற்றியிருப்பான், தக்காளி பழுத்துத் தொங்கும் என்று எட்டிப் பார்த்தாள்.

தோட்டம் முழுக்கச் செத்துக் கிடந்தது. தக்காளி, பரங்கி, ஓரத்துச் சூரியகாந்தி, எல்லாம் காய்ந்த குச்சி.

அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது. அவன் பெயரை அழுத்திப் பார்த்தாள். கடைசியாக வந்தது போன ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை.

ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் இந்தக் கணினி கெட்டது. இதில் ஆரிப்பின் பெயரில் நுழையப் பாஸ்வேர்டுகூட வேண்டாம், அவன் சேமித்தே வைத்திருந்தான்.

திரும்பினாள். அத்தா பின்னால் நின்றிருந்தார். விடியற்காலை பஜ்ருத் தொழுகைக்குப் போய்விட்டு வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. செத்த செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு கேக்குதே, சரியாயிடுச்சாடி? ஊத்தியிருக்கானா?" மாடியில் துணி உலர்த்தப் போன அம்மா அங்கிருந்தே கேட்டாள். படியில் இறங்கும் சத்தம் கேட்டது.

அத்தா குனிந்து, அவள் காதுக்குப் பக்கத்தில் பேசினார். "எனக்குத் தண்ணி ஊத்த மட்டும்தாம்மா தெரியும். நீ ஊத்தும்போது பின்னால நின்னு பாத்துக் கத்துக்கிட்டேன். செடி நடறதுக்கு எந்த பட்டன்னு சொல்லு, உங்கம்மா வர்றதுக்குள்ள."

இத்தனை மாதமாக ஆரிப்பை யாருமே தேடவில்லை. தேட வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் அவள்தான்.

நஸ்லின் எழுந்து, நாற்காலியை அத்தாவுக்குக் கொடுத்தாள்.