தொற்றாத உச்சரிப்பு

தோஹாவில் எங்கள் எதிர் பிளாட்டில் இருக்கும் உமையாளும் பிரசன்னாவும், அப்போது மூன்று வயதான மகன் நிவானுக்காக நகரிலுள்ள சர்வதேசப் பள்ளிகளையெல்லாம் ஏறி இறங்கினார்கள். கடைசியில் பிடித்துப்போன பள்ளி, பிள்ளையின் காதுக்குள் பொட்டளவு கருவி ஒன்றைப் பொருத்தி அனுப்பியது. அதன்பின் பெற்றோர் எந்த மொழியில் பேசினாலும், லண்டன்காரர் குரலில் ஆங்கிலமாகத்தான் அவனுக்குக் கேட்கும்.

"நம்ம உச்சரிப்பு பிள்ளைக்குத் தொத்திடக் கூடாதுல்லண்ணா?" என்றாள் உமையாள், ஏதோ தடுப்பூசி போட்டுவிட்டு வந்தவளைப் போல.

இப்போது நிவானுக்கு ஏழு வயது. நேற்று நாங்கள் நால்வரும் லிஃப்டில் இறங்கும்போது அந்தக் கருவி கழன்று விழுந்துவிட்டது.

"அசையாத கண்ணா, மிதிச்சிடாத!" என்று பதறினாள் உமையாள்.

பையன் மிரண்டுபோனான். நினைவு தெரிந்து அவன் கேட்டிராத குரல் அது. பாய்ந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "இது என் அம்மா இல்லை, என் அம்மாவைக் கூப்பிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் அலறினான்.

பிரசன்னாவுக்கு முகமெல்லாம் பல்.

"கேட்டீங்களாண்ணா? அழறதுகூட அச்சு அசல் வெள்ளைக்காரன் மாதிரியே அழறான்!"

பெற்றவள் பிள்ளையைத் தூக்கவில்லை. ஊர்ச் சொந்தங்களுக்கு அனுப்புவதற்காகச் செல்லை எடுத்து வீடியோ பிடித்துக்கொண்டிருந்தாள்.