ராசியில்லாத வண்டி

“அண்ணே, நாற்காலி எல்லாம் இறக்கியாச்சுல்ல? வண்டியைப் பின்பக்கம் கொண்டாங்க. ஒரு கேஸ் இருக்கு” என்றாள் தலைமை நர்ஸ்.

ஆம்புலன்ஸ் டிரைவர் அவசரமாக வண்டியில் ஏறினார். விடியும் முன்பே அவரை எழுப்பி, விழாவுக்கு நாற்காலி ஏற்றிவர அனுப்பியிருந்தார்கள். நோயாளி ஏறும் வண்டியில் நாற்காலியா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நடைமேல் நடை அடித்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. இவ்வளவு நேரமும் உள்ளே ஒருத்தி இந்த வண்டிக்காகவா காத்துக் கிடந்தாள்?

வாசலில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ‘ஒரு தாய்கூட இறக்காத பிரசவ நிலையம்.’ மத்தியானம் மேலதிகாரிகள் வந்து விருது கொடுக்கப் போகிறார்கள்.

அந்தப் பேனரை நிமிர்ந்து பார்க்கவே டிரைவருக்குக் கூச்சமாக இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. நிலையத்துக்குள் யாரும் இறந்ததில்லை. இறந்தவர்கள் எல்லோரும் அவருடைய வண்டியில்தான் இறந்தார்கள். சிக்கலான கேஸ் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றிருக்கும்.

“நாங்க உள்ளே காப்பாத்தித் தர்றோம், நீங்க வழியில விட்டுடுறீங்க” என்று பெரிய டாக்டர் ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என்ன செய்வது, இவரும் சேர்ந்து சிரித்து வைத்தார்.

அக்கம்பக்கத்தில் அவர் வண்டிக்கு ‘எமன் வண்டி’ என்று பெயர். ஊரார் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம். போன மாதம் சொந்த மகளுக்கு வலி எடுத்தபோது, “அப்பா, தப்பா நினைக்காதீங்க. உங்க வண்டி மட்டும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வாடகைக் காரில் ஏறிப் போனாள். இன்று இந்தப் பெண்ணை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

ஸ்ட்ரெச்சரை நர்ஸும் டாக்டருமே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கை கொடுக்கப் போனவரை வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். கழுத்துவரை போர்வை, மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க், மேலே கழுத்துவரை நிறைந்த குளுக்கோஸ் பாட்டில். பின்னாலேயே அவள் கணவன் ஓடிவந்தான். இரவில் ஆண் குழந்தை பிறந்ததாம், அதன்பிறகு ரத்தம் நிற்கவில்லையாம். பின்பக்கம் சொந்தக்காரர்கள் ஏறக்கூடாது என்று அவனை முன்சீட்டுக்கு அனுப்பிவிட்டாள் நர்ஸ்.

“பேச்சு இருக்காம்மா?” என்று கேட்டார் டிரைவர்.

“மயக்கத்துல இருக்கு. நீங்க வண்டியை எடுங்க.”

எடுத்தார். சைரனை அலறவிட்டு, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து, சிவப்பு விளக்கை எல்லாம் மதிக்காமல் பறந்தார். கணவன் பின்புறக் கண்ணாடித் தடுப்பில் முகத்தை ஒட்டிக்கொண்டு, இதோ வந்துட்டோம், கண்ணைத் திற என்று அவளிடம் பேசிக்கொண்டே வந்தான். ஒரு திருப்பத்தில் நர்ஸ் கண்ணாடியைத் தட்டி, குலுங்குகிறது, மெதுவாகவே போங்கள் என்றாள். டிரைவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மெதுவாகப் போகிற நேரமா இது?

“பொழைச்சுக்குவாளாண்ணே?” என்று கேட்டான் கணவன்.

அவர் இதுவரை யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. இன்று கொடுத்தார்.

“என் பொண்ணு மாதிரி தம்பி அது. உயிரோட கொண்டு சேர்க்கிறது என் பொறுப்பு.”

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் கணவனைச் சீட்டுப் போட அனுப்பிவிட்டு, டிரைவர் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். புதிதாக வேலைக்கு வந்த இளம் டாக்டர் ஒருத்தி உள்ளே ஏறினாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். மாஸ்க்கைக் கழற்றினாள்.

“எப்ப போச்சு?”

“இப்பதான் டாக்டர். வர்ற வழியில” என்றாள் நர்ஸ்.

டிரைவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருக்கலாம். அந்த நாற்காலிகளை ஏற்றப் போகாமல் இருந்திருக்கலாம். அந்தப் பையன் முகத்தில் எப்படி விழிப்பது? சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

இளம் டாக்டர் அந்தப் பெண்ணின் கையைத் தூக்கிப் பார்த்தாள். கை மடங்கவில்லை.

“வழியிலயா? உடம்பு விறைச்சுக் கிடக்கு. இது விடியறதுக்கு முன்னாடியே போன உயிரும்மா.”

நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வழியிலன்னே போட்டுடுங்க டாக்டர். இங்க எப்பவும் அப்படித்தான் போடுவாங்க.”

டிரைவர் தலையைத் தூக்கினார். கொக்கியில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, ஏற்றும்போது இருந்ததுபோலவே கழுத்துவரை நிறைந்து. ஒவ்வொரு முறையும் வண்டியைக் கழுவும்போது அந்தப் பாட்டிலைக் கழற்றி வைப்பது அவர்தான். ஒன்றாவது குறைந்திருந்ததாக அவருக்கு நினைவில்லை.

“கிளம்பலாமாண்ணே? விழாவுக்கு நேரமாச்சு” என்றாள் நர்ஸ்.

அவருடைய வண்டியிலும் இதுவரை ஒரு தாய்கூட இறந்ததில்லை.